தார், ஜிப்ஸி, ஜீப்புல ஹேண்ட்பிரேக் ஜாம் ஆகுதா? அடிக்கடி கேக்குற கேள்விகளும் பதில்களும்

ஆத்துல இறங்கி ஏறுன வண்டி, சேத்துல ஓடுன வண்டி, மழைக்காலத்துல நாலஞ்சு நாள் வெளியவே நின்ன வண்டி, எல்லாத்துக்கும் வர்ற கம்ப்ளெய்ண்ட் ஒண்ணுதான். லீவரை இறக்கியாச்சு ஆனா வண்டி நகர மாட்டேங்குது, இல்லன்னா நகருது ஆனா பின்னாடி யாரோ பிடிச்சு இழுக்குற மாதிரியே இருக்கு. இங்க சொல்றதுல பெரும்பாலும் முன்னாடி டிஸ்க், பின்னாடி டிரம் இருக்குற வண்டிங்களுக்கு, அதாவது தார், ஜிப்ஸி, ஜிம்னி, பொலேரோ, கூர்க்கா இந்த வகை. பழைய வில்லிஸ் ஜீப், டிஃபெண்டர் வச்சிருக்கவங்களுக்கு கீழ தனியா ஒரு கேள்வி இருக்கு, ஏன்னா அதுல பிரேக் இருக்குற இடமே வேற.

ஒண்ணு மட்டும் மொதல்லயே சொல்லிடறேன். ஹேண்ட்பிரேக் கேபிளை இறுக்குற நட்டை லூஸ் பண்ணி விடுறது இதுக்கு வைத்தியம் கிடையாது. பிடிச்சுக்கிட்ட ஹேண்ட்பிரேக் உங்களை வழியில நிறுத்தும், அவ்ளோதான். பிடிக்காத ஹேண்ட்பிரேக் மலைச்சரிவுல ஆளையே கொன்னுடும்.

ஹேண்ட்பிரேக்தான் பிடிக்குதுன்னு எப்படி உறுதி பண்றது?

சமமான ரோட்டுல மெதுவா போகும்போது நியூட்ரல் போட்டு விடுங்க, எப்பவும் உருண்டு போற தூரம் போகாம சட்டுனு நின்னா எங்கயோ பிடிக்குது. கொஞ்ச தூரம் பிரேக் அதிகம் தொடாம ஓட்டிட்டு நிறுத்தி, பின் ரெண்டு வீல் பக்கத்துலயும் கைய கொண்டு போய் பாருங்க, தொடாதீங்க, டிரம் சூடு தோலை உரிச்சுரும். ஒரு பக்கம் மட்டும் அனல் அடிச்சா அந்த பக்கம்தான் ஆளு. பிரேக் ஷூ மேல ஒட்டியிருக்குற லைனிங் கருகுற வாடை வரும், மைலேஜ் குறையும், பின் வீல்ல தேயுற சத்தமும் வரலாம்.

டேஷ்போர்டுல லைட் அணைஞ்சிருக்கே, அப்புறம் எப்படி பிரேக் பிடிக்கும்னு நிறைய பேர் கேக்குறாங்க. அந்த லைட்டுக்கு சுவிட்ச் இருக்குறது லீவர்கிட்ட. லீவர் கீழ வந்துச்சான்னுதான் அதுக்கு தெரியும், டிரம்முக்குள்ள ஷூ, அதாவது டிரம் சுவத்துல அழுத்துற வளைஞ்ச தகடு, திரும்பி வந்துச்சான்னு அதுக்கு தெரியாது. அதனால லைட்டை நம்பி முடிவு பண்ணாதீங்க.

இதென்ன ஆஃப் ரோடு வண்டிக்குன்னே வர்ற வியாதி?

டிரம்முக்குள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சா பாதி புரிஞ்சுரும். நீங்க லீவரை இழுக்கும்போது அது ஒரு கம்பியை இழுக்குது, அது ரெண்டா பிரிஞ்சு பின் வீல் ரெண்டுக்கும் போகுது, அங்க டிரம்முக்குள்ள ஷூவோட சேர்ந்த ஒரு சின்ன லீவரை இழுக்குது, அது ரெண்டு ஷூவையும் வெளிய தள்ளி டிரம்மோட உள் சுவத்துல அழுத்துது. இது எல்லாமே இழுக்குறதுக்கு மட்டும்தான். திரும்ப வர்றதுக்கு உங்க கை பலம் கிடையாது, உள்ள இருக்குற ரிட்டர்ன் ஸ்பிரிங் மட்டும்தான். இழுக்கும்போது எவ்ளோ துருவா இருந்தாலும் நீங்க பலமா இழுத்துருவீங்க, திரும்பும்போது அந்த ஸ்பிரிங்கால முடியாது. ஹேண்ட்பிரேக் எப்பவும் போட வரும் எடுக்க வராது, அதுக்கு காரணம் இதுதான்.

இப்ப இதுக்கு மேல தண்ணியும் சேறும் சேருங்க. டிரம்ங்கறது மூடின டப்பா, உள்ள போன சேறு சுலபமா வெளிய வராது, காஞ்சு மாவா ஆகி ஸ்பிரிங்லயும், ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளிய சரி பண்ற அட்ஜஸ்டர்லயும் ஒட்டிக்கும். கேபிளோட வெளி உறை கல்லுல உரசி ஒரு இடத்துல கீறுனா போதும், அது வழியா தண்ணி உள்ள இறங்கி உள் கம்பி துரு பிடிக்கும், துரு பிடிச்ச கம்பி உறைக்குள்ள நகராது. ஈரமான டிரம்ல ஷூவை அழுத்தி ராத்திரி பூரா விட்டா வார்ப்பிரும்பு டிரம்மும் லைனிங்கும் துரு வழியாவே ஒட்டிக்கும். ரோட்டுல மட்டும் ஓடுற கார்லயும் இதெல்லாம் வரும்தான், ஆனா வருஷக்கணக்காகும். நம்ம வண்டிக்கு ஒரு மழைக்காலம் போதும்.

காட்டுக்குள்ள டென்ட் போட்டு தூங்கி எந்திரிச்சேன், வண்டி நகர மாட்டேங்குது. இப்ப என்ன பண்ணட்டும்?

பதட்டப்படாம மொதல்ல நாலு வீல்ல முன் வீல் ரெண்டுக்கும் முன்னாடியும் பின்னாடியும் கல்லு வைங்க. வண்டி திடீர்னு விடுபடும், அப்ப உருளக் கூடாது. அப்புறம் லீவரை முழுசா இழுத்து முழுசா விடுங்க, பத்து பதினைஞ்சு தடவை, அவசரமில்லாம. கூடவே கால் பிரேக்கையும் நல்லா மிதிச்சு விடுங்க, மிதிக்கும்போது ஷூ அசையும், சில நேரம் அதுலயே விட்டுரும்.

விடலைன்னா கல்லை ஒரு சாண் தள்ளி வச்சுட்டு, ரிவர்ஸ் போட்டு கிளட்ச்சை மெதுவா விட்டு லேசா ஒரு தள்ளு, அப்புறம் ஃபர்ஸ்ட்ல லேசா ஒரு தள்ளு. துருவால ஒட்டுனதுதான்னா டக்குனு ஒரு சத்தத்தோட விடும். இங்கதான் ஒரு எச்சரிக்கை, ஃபோர் லோல (நாலு வீலுக்கும் அதிக இழுவை தர்ற கியர்) போட்டு முறுக்காதீங்க. அந்த கியர்ல வர்ற இழுவைக்கு வீல் சுத்தத்தான் செய்யும், ஆனா ஷூவுல இருந்து லைனிங் பேந்து தனியா வந்து டிரம்முக்குள்ள சிக்கிக்கும், அதுக்கப்புறம் அந்த வீல் எந்த பக்கமும் சுத்தாது, நீங்க நிக்குறது நெட்வொர்க் இல்லாத இடம்.

அதுலயும் விடலைன்னா டிரம் கண்ணுல படுற இடத்துல ஒரு மரக்கட்டையை வச்சு அது மேல சுத்தியால தட்டுங்க. நேரா டிரம் மேல அடிச்சா வார்ப்பிரும்பு விரிசல் விடும். வண்டிக்கு கீழ படுத்து, பேக் பிளேட்டுக்கு (டிரம்மோட உள் பக்கத்தை மூடுற தகடு) பின்னாடி கேபிள் வந்து சேர்ற இடத்தை ஸ்க்ரூ டிரைவரால தொட முடிஞ்சா கம்பியை உள் பக்கமா தள்ளி விட்டு பாருங்க, துரு பிடிச்ச கேபிளா இருந்தா இதுல விட்டுரும். எஞ்சின் ஆஃப்ல இருக்கணும், வீலுக்கு கல்லு இருக்கணும், ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் கீழ போகக் கூடாது.

கேபிள் பிரச்சனையா, டிரம் பிரச்சனையா, இல்ல ஹைட்ராலிக்கா (கால் பிரேக்கோட ஃப்ளூயிட் பக்கம்)? எப்படி பிரிக்கிறது?

இதுதான் இந்த மொத்த பக்கத்துலயும் முக்கியமான கேள்வி, ஏன்னா இதை பண்ணாமலே பார்ட்ஸ் மாத்திடறாங்க, கேபிள் மாத்துனேன் சரியாகல, ஷூ மாத்துனேன் சரியாகலன்னு காசு போய்க்கிட்டே இருக்கும்.

சமதளத்துல வண்டியை நிறுத்தி, முன் வீலுக்கு கல்லு வச்சு, டூ வீல் டிரைவ்ல, கியர் நியூட்ரல்ல வச்சு, ஹேண்ட்பிரேக்கை இறக்கிட்டு பின் வீல் ஒண்ணை மட்டும் ஜாக்கில தூக்கி ஸ்டாண்ட் குடுங்க. வீலை கையால சுத்துங்க. கியர் ஆயிலால வர்ற லேசான இறுக்கம் எப்பவும் இருக்கும், அதை பிரேக்னு நினைச்சுக்காதீங்க. கஷ்டப்பட்டு சுத்துனாலோ சுத்தவே இல்லன்னாலோ, கீழ ரெண்டு கேபிளும் ஒண்ணா சேர்ற இடத்துக்கு போய் அங்க நட்டை முழுசா தளர்த்தி கேபிளுக்கு இழுவையே இல்லாம பண்ணுங்க. இது சோதனைக்கு மட்டும், முடிஞ்சதும் திரும்ப வைக்கணும்.

இப்ப வீல் ஃப்ரீயா சுத்துச்சுன்னா முன் பக்கம், அதாவது லீவர் இருக்குற பக்க கம்பியோ அந்த லீவரோ பிடிக்குது, இல்லன்னா யாரோ நட்டை ஓவரா இறுக்கி வச்சிருக்காங்க. சுத்தலைன்னா அந்த வீலோட பின் கேபிளை டிரம் பக்கத்துல கழட்டுங்க. கழட்டுனதும் சுத்துனா அந்த கேபிள் உறைக்குள்ளயே துரு பிடிச்சு நிக்குது. அதுக்கும் அசையலைன்னா, கால் பிரேக் மிதிச்சா ஷூவை தள்ளுற வீல் சிலிண்டர்ல இருக்குற பிளீடர் நிப்பிளை கொஞ்சமா திறங்க. பிரேக் ஃப்ளூயிட் பீச்சிக்கிட்டு வந்து வீல் விட்டுச்சுன்னா பழி ஹேண்ட்பிரேக் மேல இல்ல, பிரஷர் உள்ளயே மாட்டிக்கிட்டு இருக்கு, பிரேக் ஹோஸ் உள் பக்கமா வீங்கி இருக்கலாம், மாஸ்டர் சிலிண்டர் முழுசா திரும்பாம இருக்கலாம். நிப்பிள் திறந்தா அப்புறம் பிரேக் லைன்ல இருந்து காத்து எடுக்கணும், மறந்துடாதீங்க. எதுக்குமே விடலைன்னா டிரம்முக்குள்ளதான் கோளாறு, டிரம்மை கழட்டித்தான் ஆகணும்.

அடுத்த பக்க வீலுக்கும் இதே மாதிரி பாருங்க. ஒரு பக்கம் போயிருந்தா அடுத்த பக்கமும் போறதுக்கு தயாராத்தான் இருக்கும்.

நட்டை லூஸ் பண்ணி குடுத்தாங்க, இப்ப பிடிக்கலையே, அது தப்பா?

தப்பு. லூஸ் பண்ணுனதுல சேறும் துருவும் எங்கயும் போகல, லீவரோட இழுவை டிரம் வரைக்கும் போய் சேர்றது மட்டும்தான் குறைஞ்சிருக்கு. சமதளத்துல வித்தியாசம் தெரியாது. கொழுக்குமலை, மேகமலை மாதிரி இடத்துல ஆள் ஏத்திக்கிட்டு ஏத்தத்துல நிறுத்தி கால் பிரேக்கை விடும்போதுதான் தெரியும். அதோட துரு பிடிச்ச கேபிள் ஒருநாள் பாதி இழுத்த நிலையிலயே நின்னுரும், அப்ப நட்டை எவ்ளோ தளர்த்தியிருந்தாலும் பிரேக் பிடிச்சேதான் இருக்கும்.

டிரம்மை கழட்டவே வரல, அடிச்சு எடுக்கலாமா?

நிறைய டிரம்ல மரை போட்ட ரெண்டு ஓட்டை இருக்கும், பல வண்டில அது எம் 8 போல்ட் சைஸ். ரெண்டு போல்ட்டை அதுல மாட்டி மாத்தி மாத்தி கொஞ்சம் கொஞ்சமா இறுக்குனா டிரம் தானே வெளிய வரும். ஓட்டைல மண் அடைச்சிருக்கும், மொதல்ல அதை நோண்டி எடுத்து பெனட்ரேட்டிங் ஆயில் விடுங்க. கொஞ்சம் வந்து நின்னுச்சுன்னா டிரம் ஓரத்துல தேய்மானத்தால உண்டான வரம்பு ஷூவுல தட்டுது, பேக் பிளேட்ல இருக்குற ஓட்டை வழியா அட்ஜஸ்டரை பின்னாடி சுத்தி ஷூவை சுருக்கிட்டு அப்புறம் எடுங்க. அவசரப்பட்டு நெம்புனா பேக் பிளேட் வளையும், வளைஞ்சா அதுக்கப்புறம் ஷூ ஒழுங்கா உக்காராது.

உள்ள எதை கிளீன் பண்ணனும், எங்க கிரீஸ் வைக்கணும்?

தூசியை காத்தடிச்சு ஊதாதீங்க. பழைய வண்டி லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கும், அது நுரையீரலுக்குள்ள போனா வெளிய வராது. பிரேக் கிளீனரை அடிச்சோ தண்ணி தெளிச்சோ நனைச்சு துணியால துடைச்சு எடுங்க. மாஸ்க் போட்டுக்குங்க.

கழட்டுறதுக்கு முன்னாடி போன்ல போட்டோ எடுத்து வைங்க, எந்த ஸ்பிரிங் எந்த ஓட்டைலன்னு சாயங்காலம் ஞாபகம் இருக்காது. ஒரு பக்கத்தை முடிச்சுட்டு அப்புறம் அடுத்த பக்கத்தை பிரிங்க, சந்தேகம் வந்தா பார்த்துக்கலாம்.

முக்கியமா கவனிக்க வேண்டியது ஷூவோட சேர்ந்த அந்த சின்ன லீவர். அது சுத்துற பின் துரு பிடிச்சு இறுகியிருக்கும், கையால அசைச்சா லேசா வரணும். பல வண்டில கேபிள் நல்லா இருக்கும், ஷூ நல்லா இருக்கும், இந்த ஒரு பின்தான் எல்லாத்தையும் பிடிச்சு வச்சிருக்கும். அதை நல்லா தேய்ச்சு சுத்தம் பண்ணி சூடு தாங்குற பிரேக் கிரீஸ் ஒரு துளி வைங்க. பேக் பிளேட்ல ஷூ உரசுற மேடுங்க இருக்கும், அதுல பள்ளம் விழுந்திருந்தா ஷூ அந்த பள்ளத்துலயே மாட்டிக்கும், அதையும் தேய்ச்சு சமமாக்கி அங்கயும் மெல்லிசா கிரீஸ். அட்ஜஸ்டர் மரையிலயும் கொஞ்சம். சேசிஸ்க்கு அடிக்கிற சாதா கிரீஸ் வேண்டாம், சூட்டுல உருகி லைனிங்ல இறங்கும், எண்ணெய் குடிச்ச லைனிங்கை மாத்துறது தவிர வழியில்ல.

ஸ்பிரிங் நீண்டு போயிருந்தா, நிறம் மாறியிருந்தா மாத்திடுங்க, ஷூவோட விலைக்கு முன்னாடி அது ஒண்ணுமே இல்ல. வீல் சிலிண்டர் ரப்பரை லேசா தூக்கி பாருங்க, உள்ள ஈரம் இருந்தா லீக்.

டபிள்யூடி 40 அடிச்சா போதாதா?

துருவை இளக்குறதுக்கு சரி. ஆனா அது சீக்கிரமே காஞ்சு போயிரும், நிலைச்சு நிக்குற கிரீஸ் வேலையை அது செய்யாது. அதுக்கு மேல டிரம்முக்குள்ள அடிச்சா லைனிங்ல படும், பிரேக்கே பிடிக்காம போயிரும். வெளிய இருக்குற லீவர் பின், கேபிள் சேர்ற இடம், இதோட நிறுத்திக்குங்க.

கேபிளை எண்ணெய் விட்டு ஓட்டலாமா, மாத்தணுமா?

உறை கீறல் இல்லாம, ஓரத்துல இருக்குற ரப்பர் பூட் கிழியாம இருந்தா கழட்டி தொங்கவிட்டு மேல் முனையில எண்ணெய் விட்டு முன்ன பின்ன இழுத்து பாக்கலாம். உள்ள பிளாஸ்டிக் குழாய் வச்ச கேபிளும் இருக்கு, அதுக்கு எண்ணெய் தேவையில்ல. உறை பொத்தலாகி உள்ள துரு வந்துருச்சுன்னா எண்ணெய் விட்டு அடுத்த மழை வரைக்கும் தள்ளலாம், அவ்ளோதான். ரெண்டு பக்கமும் சேத்து மாத்துங்க. புதுசை மாட்டும்போது சைலன்சர் பக்கம் போகாம, பழைய கிளாம்ப் எல்லாத்துலயும் உக்கார வச்சு, கூர்மையா மடங்காம பாத்துக்குங்க. உயரத்தை கூட்டுற லிஃப்ட் கிட் போட்ட வண்டில சஸ்பென்ஷன் முழுசா தொங்கும்போது கேபிள் விறைச்சுக்குதான்னு பாருங்க, விறைச்சா ஒவ்வொரு பள்ளத்துலயும் ஹேண்ட்பிரேக் தானா விழுந்து எழுந்துக்கிட்டு இருக்கும்.

எத்தனை கிளிக்ல பிடிக்கணும்?

உங்க வண்டி மேனுவல்ல இருக்கறதுதான் சரி, பொதுவா அஞ்சுல இருந்து எட்டு கிளிக்குக்குள்ள இருக்கும். வரிசை முக்கியம். மொதல்ல டிரம்ல ஷூவை அட்ஜஸ்ட் பண்ணனும், கால் பிரேக்கை பல தடவை மிதிச்சு ஷூ நடுவுல உக்காரட்டும், அதுக்கப்புறம்தான் கேபிள் நட். ஷூ தேஞ்சு இடைவெளி கூடினதை கேபிளை இறுக்கி சரிக்கட்டுனா உள்ள இருக்குற லீவர் பாதி இழுத்த நிலையிலயே இருக்கும், அட்ஜஸ்டரும் அதோட வேலையை செய்யாது, கொஞ்ச நாள்ல வீல் உரச ஆரம்பிச்சுரும்.

லேசாத்தான் உரசுது, ஊர் போய் பாத்துக்கலாமா?

சமதளத்துல பக்கத்து ஊர் வரைக்கும், நடுவுல நிறுத்தி சூடு பாத்து பாத்து போங்க. மலை இறங்கணும்னா வேண்டாம். வால்பாறையில இருந்து ஆழியாறுக்கு 40 கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலைல 70, சும்மாவே டிரம் கொதிக்குற ரோடு அது. அதுல ஒரு டிரம் ஏற்கனவே சூடா இருந்தா அந்த சூடு வீல் சிலிண்டர் வழியா ஃப்ளூயிட்டுக்கு போகும். புது டாட் 3 பிரேக் ஃப்ளூயிட் கொதிக்க குறைஞ்சது 205 டிகிரி வேணும், ஈரம் இழுத்த பழசுன்னா 140 டிகிரியிலயே கொதிக்கலாம். கொதிச்சா ஆவி உண்டாகும், பெடல் தரை வரைக்கும் போகும். வீல் பேரிங் கிரீஸும் ஆக்சில் ஆயில் சீலும் கூட இந்த சூட்டுல கெட்டுப்போகும், சீல் போனா ஆயில் லைனிங்ல இறங்கும். ஒரு ஸ்பிரிங்ல ஆரம்பிச்சது எங்க போய் நிக்குதுன்னு பாருங்க.

ஆத்தைக் கடந்து வந்ததும் என்ன செய்யணும்?

கரை ஏறுனதும் ஆளில்லாத இடத்துல மெதுவா ஓட்டிக்கிட்டே இடது காலால பிரேக்கை லேசா தொட்டு தொட்டு விடுங்க, சூட்டுல உள்ள இருக்குற தண்ணி காஞ்சுரும். வீடு வந்ததும் பேக் பிளேட் பக்கம் தண்ணி அடிச்சு சேறை கழுவுங்க, கழுவுனதும் திரும்ப ஒரு சுத்து ஓட்டி காய வைங்க, நேரா கொண்டு போய் ஹேண்ட்பிரேக் போட்டு நிறுத்திடாதீங்க. கடல் தண்ணி பட்டிருந்தா அன்னைக்கே நல்ல தண்ணில கழுவணும், உப்பு ஒருநாள் கூட பொறுக்காது. சேத்துல முழங்கால் ஆழம் ஓட்டுனா அடுத்த வாரம் டிரம்மை திறந்து பாத்துடறதுதான் நல்லது.

அப்போ ஹேண்ட்பிரேக் போடாமலே கியர்ல விட்டு நிறுத்தலாமா?

சமதளத்துல, ஈர டிரம்மோட, நாள்கணக்கா நிக்கப்போற வண்டிக்கு அதுதான் நல்லது. ஃபர்ஸ்ட் இல்ல ரிவர்ஸ் போட்டு வீலுக்கு ரெண்டு பக்கமும் கட்டை. சரிவுல ஹேண்ட்பிரேக், கியர், கல்லு மூணுமே வேணும், அதுல பேரம் இல்ல.

ஒரு விஷயம், இதை தெரியாம வண்டி உருண்டு போயிருக்கு. டிரான்ஸ்ஃபர் கேஸ் லீவர் (டூ வீல், ஃபோர் வீல் டிரைவ் மாத்துற லீவர்) நியூட்ரல்ல இருந்தா நீங்க எந்த கியர்ல போட்டாலும் வீலுக்கும் கியர்பாக்ஸுக்கும் தொடர்பே கிடையாது. ஆட்டோமேட்டிக்ல பி போட்டிருந்தாலும் இதே கதைதான். டூ ஹெச்ல (டூ வீல் டிரைவ்) இருந்து ஃபோர் எல்லுக்கு (ஃபோர் லோ) மாத்தும்போது பாதியில நின்னுருச்சான்னு பாத்துட்டு இறங்குங்க.

இன்னொண்ணு, மலை இறங்கி கொதிக்குற டிரம்மோட நிறுத்தி ஹேண்ட்பிரேக்கை பலமா இழுத்தா, ஆறும்போது டிரம் சுருங்கி ஷூவை இன்னும் இறுக்கிக்கும். கொஞ்ச நேரம் கல்லு வச்சு ஆற விட்டுட்டு அப்புறம் போடுங்க.

குளிர் ஊர்ல?

டிசம்பர், ஜனவரில ஊட்டி பக்கம் உறைபனி விழுற ராத்திரிலயும், லடாக், ஸ்பிதி போறப்பவும் ஈர டிரம்மும் தண்ணி புகுந்த கேபிளும் உறைஞ்சு பிடிச்சுக்கும். அங்க ராத்திரி கியரும் கல்லும்தான். உறைஞ்சுட்டா வெயில் வர்ற வரைக்கும் காத்திருங்க, கொதிக்குற தண்ணி ஊத்தாதீங்க, டிரம் விரிசல் விடும், ஊத்துன தண்ணியும் அப்புறம் உறையும்.

வில்லிஸ், டிஃபெண்டர்ல எப்படி?

அதுல ஹேண்ட்பிரேக் வீல்ல இல்ல, டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு பின்னாடி, பின் ஆக்சிலுக்கு இழுவை கொண்டு போற ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டை பிடிக்குது. அதனால வீல் டிரம்மை பிரிச்சு பிரயோஜனமில்ல. அங்க பிடிக்கறதுக்கு காரணம் பல நேரம் டிரான்ஸ்ஃபர் கேஸ் சீல்ல இருந்து வடியுற ஆயிலும் அதுல ஒட்டுற மண்ணும், சீலை மாத்தாம ஷூ மாத்துனா ஒரு மாசத்துல திரும்ப அதேதான். ஓடும்போது இதை இழுக்கவே கூடாது, ஷாஃப்ட், ஜாயிண்ட் எல்லாம் அடி வாங்கும். பின் வீல் ஒண்ணை ஜாக்கில தூக்குனா இந்த பிரேக் போட்டிருந்தாலும் டிஃபரன்ஷியல் சுத்தி வண்டி உருளும், கல்லு இல்லாம தூக்காதீங்க.

பின்னாடி டிஸ்க், எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் இருந்தா?

டிஸ்க்ல, அதை ரெண்டு பக்கமும் பிடிக்குற காலிப்பர் மேல இருக்குற லீவர் முழுசா திரும்புதா, ஸ்லைடு பின் நகருதான்னு பாருங்க. தார் ராக்ஸ் மேல் வேரியண்ட் மாதிரி எலக்ட்ரானிக் வந்த வண்டில பேட் மாத்தறதுக்கே சர்வீஸ் மோடு போட வேண்டியிருக்கும், பிஸ்டனை கையால அழுத்துனா மோட்டார் கெட்டுரும், அதை கருவி வச்சிருக்கவங்ககிட்டயே விடுங்க.

வேலை முடிஞ்சதும் எப்படி டெஸ்ட் பண்றது?

ரெண்டு பின் வீலும் கையால ஃப்ரீயா சுத்தணும், ரெண்டு கிளிக்ல லேசா உரசணும், ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி. அப்புறம் கூட ஒரு ஆளை கட்டையோட நிறுத்தி வச்சுட்டு, நல்ல ஏத்தத்துல மேல பாத்து நிறுத்தி ஹேண்ட்பிரேக் இழுத்து நியூட்ரல் போட்டு கால் பிரேக்கை மெதுவா விடுங்க. திருப்பி கீழ பாத்து நிறுத்தி அதே மாதிரி. ரெண்டு பக்கமும் நின்னா கொஞ்ச தூரம் ஓட்டிட்டு வந்து ரெண்டு வீல் சூட்டையும் ஒரு தடவை ஒப்பிட்டு பாருங்க.